கை கழுவச் சொன்னவர்களும் கை கழுவியவர்களும்

மெட்ராஸ் ஐ வந்தால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். ஊருக்கே தெரிந்த வைத்தியம் இது. வகுப்பில் ஒருத்தனுக்குக் கண் சிவந்திருந்தால் போதும், "டேய், அவன் கண்ணைப் பார்க்காதே, ஒட்டிக்கும்" என்று பெஞ்சே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் மெட்ராஸ் ஐ பரவியபோதும், 2023 ஆகஸ்டில் மறுபடி ஒரு சுற்று வந்தபோதும் மருந்துக் கடைகளை விட நடைபாதைக் கண்ணாடிக் கடைகளில்தான் வியாபாரம் ஜோர்.

பார்வை வழியாகக் கிருமி பறக்காது. கண்ணைக் கசக்கிய கை, அந்தக் கை பிடித்த பஸ் கம்பி, கதவுக் கைப்பிடி, கடன் வாங்கிய பேனா, ஹாஸ்டலில் நாலு பேர் முகம் துடைக்கும் ஒரே துண்டு. பிறகு இன்னொருவர் கை, அவர் கண். பரவும் பாதை இவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடியால் வெளிச்சம் கூசாமல் இருக்கும், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இந்த நோயைக் கொண்டுவரும் அடினோ வைரஸ் போன்றவற்றுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் சானிடைசருக்கு அவ்வளவு சுலபமாக மசியாது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் அலசி விடுவதுதான் நல்ல வழி.

சரி, வகுப்பில் கண் சிவந்த அந்தப் பையன் நல்ல பிள்ளையாக எழுந்து கை கழுவப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவான்? மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் கழிப்பறைக்கு. அங்கே மூன்று குழாய்கள். ஒன்றில் தலை இல்லை. ஒன்றைத் திறந்தால் காற்று வரும். மூன்றாவதில் தண்ணீர் வருகிறது, ஆனால் சோப்பு இல்லை. சுவரில் சோப்பு டப்பா மாட்டிய இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். அதற்கு மேலே ஒரு ஸ்டிக்கர்: "கைகளைச் சோப்பால் கழுவுவீர், நோயைத் தடுப்பீர்."

எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். படிக்கிறவர்கள் அவரவர் கல்லூரிப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் பொருந்தும்.

அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள். 2008-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைக்குக் கல்லூரி அரங்கில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுவார்கள். சிறப்பு விருந்தினர் வருவார், சால்வை போர்த்துவார்கள். கை கழுவுவதின் படிநிலைகளை மேடையில் செய்து காட்டுவார்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் என்று முன்னூறு பேர் காய்ந்த கையைக் காய்ந்த கையோடு தேய்த்துக் கற்றுக்கொள்வார்கள். "நம் மக்களுக்குச் சுகாதார உணர்வே கிடையாது, வெளிநாட்டைப் பாருங்கள்" என்று விருந்தினர் வருத்தப்படுவார். கைதட்டல். அப்புறம் சமோசா. அந்தச் சமோசாவைச் சாப்பிடும் முன் கை கழுவ முன்னூறு பேருக்கும் அந்த மூன்று குழாய்கள்தான்.

தமிழில் "கை கழுவுதல்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். இந்த மேடைகளில் மாணவர்கள் முதல் அர்த்தத்தைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நிர்வாகம் ஏற்கெனவே இரண்டாவது அர்த்தத்தைச் செய்து முடித்துவிட்டது.

இந்த "மக்களுக்குப் புத்தி இல்லை" வாதத்துக்கு எதிராகச் சரித்திரமே சாட்சி சொல்லும். கை கழுவுவது பற்றிப் பேசும் எவரும் இக்னாஸ் செம்மல்வைஸைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1847, வியன்னா பொது மருத்துவமனை. அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்த முதல் பிரிவில் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலால் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவில் சாவு மிகக் குறைவு. காரணம், பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர்கள் நேராகப் பிரசவம் பார்க்க வந்தார்கள். அந்த ஏப்ரலில் முதல் பிரிவில் சாவு 18 சதவீதத்தைத் தொட்டது. செம்மல்வைஸ் விதித்த முறை வந்த சில மாதங்களிலேயே 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். செம்மல்வைஸ் "கை கழுவுங்கள்" என்று ஸ்டிக்கர் ஒட்டவில்லை. குளோரின் சுண்ணாம்புக் கரைசலைப் பாத்திரத்தில் ஊற்றி வார்டு வாசலில் வைத்தார், அதில் கை நனைக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்றார். பொருளை வைத்துவிட்டுப் பிறகுதான் விதியைச் சொன்னார். (அவருக்குக் கிடைத்த மரியாதை வேறு கதை. பெரிய டாக்டர்கள் கையே அழுக்கு என்று சொன்னால் சும்மா விடுவார்களா? வேலை போனது, 1865-இல் மனநோய் விடுதியில் செத்தார்.)

லண்டன் கதையும் இதே மாதிரிதான். 1854-இல் சோஹோ பகுதியில் காலரா. அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் செத்தவர்கள் வீடுகளைக் கணக்கெடுத்து, பிராட் தெரு அடிபம்பு தண்ணீர்தான் காரணம் என்று காட்டினார். செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். நோய் அதற்குள் கொஞ்சம் தணிந்துவிட்டது என்று ஸ்நோவே எழுதியிருக்கிறார், ஆகவே கைப்பிடிதான் ஊரைக் காப்பாற்றியது என்று சினிமாத்தனமாகச் சொல்ல வேண்டாம். அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, நாடாளுமன்றத்திலேயே உட்கார முடியாமல் போன பிறகு லண்டன் முழுக்கப் பாதாளச் சாக்கடை கட்டப் பணம் ஒதுக்கினார்கள். 1866-இல் காலரா திரும்ப வந்தபோது எந்தப் பகுதியைத் தாக்கியது தெரியுமா? கிழக்கு லண்டனை. புதுச் சாக்கடை வேலை முடியாமல் கிடந்த பகுதி அது.

மேற்கு லண்டன்காரர்களுக்கு அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் "சுகாதார உணர்வு" திடீரென்று முளைத்துவிடவில்லை. குழாய் வந்தது. அவ்வளவுதான். இன்றைக்கு "வெளிநாட்டைப் பாருங்கள்" என்று சொல்கிறவர்கள் தரைக்கு மேலே மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன். பக்கத்தில் காரைக்காலைப் பார்க்கலாம். 2022 ஜூலையில் அங்கே வயிற்றுப்போக்கு பரவி, காலராவும் உறுதியாகி, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். குடிநீரில் சாக்கடை கலந்ததுதான் பிரச்சினை. அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் அத்தனை படிநிலையும் தவறாமல் கை கழுவியிருந்தாலும், கழுவிய தண்ணீரிலேயே கிருமி இருந்தால் என்ன செய்வது? காய்ச்சிக் குடியுங்கள் என்றார்கள். அவசரத்துக்குச் சரியான ஆலோசனைதான். ஆனால் கேஸ் சிலிண்டர் யார் காசு? உடைந்த குழாயின் செலவு இப்படித்தான் வீட்டு அடுப்புக்குக் கைமாறுகிறது. வணிகவியல் முதல் வருஷப் பொருளாதாரப் பாடத்திலேயே இதற்குப் பெயர் இருக்கிறது, புறவிளைவு. செய்கிறவன் ஒருவன், செலவு இன்னொருவன் தலையில்.

"சோப்புக் கொடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் மாறிவிடுமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. கராச்சியில் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2005-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. சில குடும்பங்களுக்கு இலவசமாகச் சோப்புக் கொடுத்து, வாராவாரம் வீட்டுக்குப் போய் எப்போது, எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற குடும்பங்களோடு ஒப்பிட்டால், சோப்பு வாங்கிய வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கும் பாதிக்கு மேல் குறைந்தது. நிமோனியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. வெறும் சோப்பு!

அதே ஆய்வில் இன்னொரு சுவாரசியம். சிலருக்குச் சாதாரண சோப்பு, சிலருக்குக் கிருமிநாசினி சேர்த்த சோப்பு கொடுத்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. டி.வி. விளம்பரத்தில் பூதக்கண்ணாடி வட்டத்துக்குள் பச்சைப் பூச்சிகள் துடித்துச் சாகும் காட்சிக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கிறவர்கள் யோசிக்கலாம். 2016-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இப்படிப்பட்ட சோப்புகளில் சேர்க்கும் டிரைகுளோசன் உட்பட 19 ரசாயனங்களைத் தடை செய்தது. சாதாரண சோப்பை விட இவை மேல் என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி 2022-இல் உலகில் சுமார் 200 கோடிப் பேருக்கு வீட்டில் சோப்பும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும் கை கழுவும் இடம் கிடையாது. இந்த 200 கோடிப் பேரிடம் போய் இருபது வினாடி தேயுங்கள் என்று பாட்டுப் பாடிக் காட்டினால் என்ன பயன்?

இனி 2020. கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு அந்த வருஷம் ஒரு பெரிய பாடம். அது வரைக்கும் குழாய்க்குத் தலை வாங்கக் காசு இல்லை என்ற இடங்களிலெல்லாம் ஒரே வாரத்தில் காலால் மிதிக்கும் சானிடைசர் ஸ்டாண்ட் முளைத்தது. ஏப்ரல் மாதம் திருப்பூரில் நாட்டிலேயே முதல் கிருமிநாசினிச் சுரங்கம் திறந்தார்கள். சந்தைக்கு வருகிறவர் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் மேலே மருந்து தெளிக்கும். போட்டோ போட்டு ஊரெல்லாம் பரவியது, மற்ற ஊர்களும் போட்டி போட்டுக் கட்டின. சில நாளிலேயே தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை வேண்டாம் என்றது. ஆட்கள் மேல் மருந்தடிப்பதால் பயனில்லை, கேடுதான் என்று மத்தியச் சுகாதார அமைச்சகமும் அதே மாதம் சொன்னது. நுரையீரலுக்குள் இருக்கும் வைரஸைச் சட்டைக்கு மேல் மருந்தடித்துக் கொல்லலாம் என்று யாருக்குத் தோன்றியதோ!

அந்த நோய் முக்கியமாகக் காற்றில், அதுவும் மூடிய அறைகளில் பரவியது என்பது பின்னால் தெளிவானது. ஜன்னலைத் திறந்து வைப்பதற்குச் செலவே இல்லை. ஆனால் ஜன்னல் திறப்பு விழாவுக்கு யார் வருவார்கள்? ரிப்பன் வெட்ட இடமில்லையே. அதனால் ரோட்டைக் கழுவினார்கள், மரத்தைக் கழுவினார்கள். மிதி ஸ்டாண்டுகள் இன்னும் பல வாசல்களில் துருப்பிடித்து நிற்கின்றன. மழைக் காலத்தில் குடை மாட்ட வசதியாக இருக்கிறது.

வரிக் கதையையும் விட்டுவிடக் கூடாது. 2020 முழுக்க "சானிடைசர் போடுங்கள்" என்று சொன்ன அரசு அதற்கு வாங்கிய ஜி.எஸ்.டி. 18 சதவீதம். குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள். மறுத்தார்கள். இரண்டாவது அலையின் உச்சம் தாண்டிய பிறகு 2021 ஜூனில் 5 சதவீதமாக்கி, அதையும் செப்டம்பர் வரைக்கும்தான் என்றார்கள். குளியல் சோப்புக் கட்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது நல்ல காரியம், பாராட்ட வேண்டும். ஆனால் திரவச் சோப்புக்கு அந்தச் சலுகை இல்லை. வீட்டில் கட்டிச் சோப்புப் போதும். பள்ளி, கல்லூரி, பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி என்று பலர் கை வைக்கும் இடங்களுக்குத்தான் திரவம் வேண்டும். பொது இடத்துச் சோப்பு ஆடம்பரம் என்று வரி அட்டவணையே சொல்கிறது போலும்.

சோப்பு வாங்கக் கல்லூரியில் நிதி இல்லை என்பார்கள். பி.காம். படிக்கிறவர்கள் நிறைந்த கட்டிடத்தில் இந்தப் பதிலைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். போட்டுப் பார்க்கலாம்.

மூவாயிரம் மாணவர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை. தடவைக்கு ஒன்றரை மில்லி. மொத்தம் 13.5 லிட்டர். மொத்த விலையில் லிட்டர் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 1,080 ரூபாய். வருஷத்துக்கு 180 வேலை நாள் என்றால் 1,94,400 ரூபாய். தலைக்கு வருஷத்துக்கு 65 ரூபாய் கூட வரவில்லை. விலை இரண்டு மடங்கு என்றாலும் 130. ஒரு செமஸ்டருக்கு ஒரு பேப்பருக்கு வாங்கும் தேர்வுக் கட்டணத்தோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளவும். அதுவும் முடியாதென்றால் வங்காளதேசத்தில் செய்த வழி இருக்கிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் 30 கிராம் சலவைத் தூளைக் கரைத்து, மூடியில் துளை போட்டுக் குழாயடியில் வைத்துவிடுகிறார்கள். தாராளமாகக் கை கழுவலாம்.

"வைத்தால் திருடிக்கொண்டு போய்விடுகிறார்களே!" இது அடுத்த பதில். பேங்குகளிலும் பேனா திருட்டுப் போனது. பேங்க்காரர்கள் பேனாவைக் கயிற்றில் கட்டினார்கள். "மக்களுக்குப் பேனா உணர்வு இல்லை" என்று கருத்தரங்கம் நடத்தவில்லை. எத்தனையோ ஆரம்பப் பள்ளிகளில் சோப்பை வலைப் பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அது பாட்டுக்குத் தொங்குகிறது.

தண்ணீர் வராத கழிப்பறையால் பெண்கள் படும் பாடு இன்னும் மோசம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற மாணவிகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறார்களா? சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து சாப்பிடுகிறார்கள். 2018 ஜூலையில் நாப்கினுக்கு வரியை நீக்கியதற்குக் கைதட்டியாயிற்று. அதை மாற்றிக்கொண்டு கை கழுவக் குழாயில் தண்ணீர் வேண்டும், போட மூடியுள்ள கூடை வேண்டும். இதைச் சொல்லவே மாணவிகள் கூச்சப்பட வேண்டியிருப்பதுதான் நிர்வாகங்களுக்கு வசதி.

அப்புறம் காய்ச்சல். இருமல், தும்மல் வந்தால் வீட்டில் இருங்கள் என்று சொல்வதும் கை கழுவச் சொல்வது மாதிரிதான். ஃப்ளூ வந்தவரிடமிருந்து அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும், அப்புறமும் சுமார் ஐந்து முதல் ஏழு நாள் பரவும். ஆனால் வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். 74 என்றால் மருத்துவச் சான்றிதழ், கண்டோனேஷன் கட்டணம், துறைத் தலைவர் அறை வாசலில் அரை நாள் தவம். ஆகவே 101 டிகிரி காய்ச்சலோடு ஒருவன் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் படுத்துக்கொள்கிறான். ஹாஜர் போட்டாயிற்று. அடுத்த வாரம் அந்த பெஞ்சே இருமும். அவனுக்குப் பொறுப்பு இல்லை என்று திட்டுவது எளிது. அவனுக்கு முன்னால் இருக்கும் இரண்டு வழிகளில் எது மலிவு என்று பார்த்துத்தான் அவன் வந்திருக்கிறான்.

மாணவனுக்காவது கட்டணம்தான் போகிறது. ஹோட்டலில் தினக்கூலிக்குச் சாம்பார் ஊற்றுகிறவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால்? இ.எஸ்.ஐ. இருக்கிற தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம் வரைக்கும் கிடைக்கும். அந்தப் பதிவே இல்லாதவருக்கு ஒரு நாள் படுத்தால் அன்றைய சாப்பாடு போச்சு. அவர் வருவார். சாம்பாரும் ஊற்றுவார். அவருக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு கொடுக்க மறுத்த முதலாளி கல்லாவுக்கு மேலே "சுத்தம் சுகம் தரும்" என்று எழுதி மாட்டியிருப்பார்.

இதனால் பொதுமக்கள் எல்லாம் பச்சைக் குழந்தைகள் என்று அர்த்தமில்லை. பஸ் ஜன்னல் வழியாக எச்சில் துப்புகிறவருக்குக் குழாய் இல்லை என்ற சாக்கெல்லாம் செல்லாது. அது வெறும் திமிர். 2020-இல் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் அபராதம் என்றார்கள். சரிதான், வாங்கட்டும். பழக்கத்திலும் கோளாறு உண்டு. ஹோட்டலில் போய்ப் பாருங்கள், சாப்பிட்ட பிறகு சோப்புப் போட்டு மோந்து மோந்து பார்த்துக் கழுவுவார்கள், குழம்பு வாசனை போக வேண்டுமே! சாப்பிடும் முன்பு விரல் நுனியை நனைத்து உதறிவிட்டு வந்து உட்காருவார்கள். கிருமிக்கு வாசனை இல்லாதது அதற்கு நல்ல வசதி. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும், கராச்சியிலும் வாராவாரம் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் போகும்போது கையில் சோப்பு எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த அக்டோபர் 15-க்கு அழைப்பிதழ் வரும்போது மாணவர் மன்றத்தில் யாராவது ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். போன வருஷக் கணக்கில் அந்த விழாவின் பேனருக்கும் சால்வைக்கும் சமோசாவுக்கும் எவ்வளவு, கழிப்பறைச் சோப்புக்கு எவ்வளவு? இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஆணித் துளைகளுக்கு மேலே இருக்கும் அந்த ஸ்டிக்கருக்குக் கீழே ஒட்டிவிட்டால் போதும்.